எங்களைப் பற்றிய அறிவு எங்களுக்கும் வரவேண்டும்

(ஓல்டனில் நடந்த எமது சங்கத்தின் ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

வருடம் பிறக்கிற நேரத்தில் எங்கட ஊரில் முதல் அலுவல் என்ன? மருத்துநீர் வைத்து முழுகுவது. புது உடுப்பு, பொங்கல், கைவிசேஷம் எல்லாம் அதற்குப் பிறகுதான். ஆகவே புத்தாண்டு மலருக்காக நோய் நொடியைப் பற்றிக் கதைக்கிறானே என்று யாரும் குறை நினைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். உடம்பைக் கவனித்துவிட்டுத்தான் கொண்டாட்டம் என்பது எங்கட முன்னோர் வைத்த முறை.

செயற்குழு எனக்குத் தந்த தலைப்பு, ‘சுகாதாரத்தில் சமத்துவம், அதில் பல்கலைக்கழகங்களின் பங்கு’ என்பது. உயர்தரத்தோடு படிப்பு நின்று, தொழிற்சாலையில் மெசினோடு நிற்கிற ஒருவனுக்குப் பல்கலைக்கழகத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் பல்கலைக்கழகத்துக்குள் இருக்கிறவர்களுக்கு அது வெளியிலே இருந்து பார்க்க எப்படித் தெரிகிறது என்று தெரியாது. அதை என்னைப் போன்ற ஒருவன்தான் சொல்லவேண்டும்.

முதலில் சமத்துவம் என்ற சொல்லைப் பார்ப்போம். இந்த நாட்டில் 1996 தை மாதம் முதல் சுகாதாரக் காப்புறுதிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. வங்கி முகாமையாளருக்கும் அடிப்படைக் காப்புறுதி, வைத்தியசாலைச் சமையலறையில் கோப்பை கழுவுகிறவருக்கும் அதே அடிப்படைக் காப்புறுதி. கடதாசியில் பார்த்தால் எல்லோரும் சமம். ஆனால் ஒரே அட்டையைப் பையில் வைத்திருக்கிறவர்கள் எல்லோருக்கும் ஒரே சுகம் கிடைக்கிறதா? இல்லை. இடையிலே மூன்று தடைகள் நிற்கின்றன.

ஒன்று காசு. மாதக் கட்டணத்தைக் குறைக்கவேண்டும் என்று எங்கட ஆட்கள் பலர் 2500 பிறாங் வரைக்கும் தாங்களே கட்டுகிற திட்டத்தை எடுக்கிறார்கள். பிறகு அந்த 2500 பிறாங்குக்குப் பயந்து வைத்தியரிடம் போவதில்லை. காப்புறுதிக்கு மாதாமாதம் கட்டிக்கொண்டு, வருத்தத்தையும் வீட்டிலேயே வைத்திருக்கிறோம். இரண்டாவது நேரம். காலை வேலை, மாலை வேலை, இரவு வேலை என்று மாறி மாறி நிற்கிறவனுக்கு வைத்தியர் கொடுக்கிற நேரம் நித்திரை நேரமாக இருக்கும், அல்லது சம்பள நேரமாக இருக்கும். மூன்றாவது மொழி. இதுதான் பெரிய தடை. ஏனென்றால் முதல் இரண்டையும் எப்படிக் கடப்பது என்பதும் டொச்சு மொழியில்தான் எழுதியிருக்கிறது.

மொழித் தடைக்கு ஒரு உதாரணம் சொல்கிறேன். எனக்குத் தெரிந்த ஒரு அண்ணாவுக்கு இரத்தப் பரிசோதனைக்கு நாள் கொடுத்தார்கள். ‘நுஷ்டெர்ன்’ ஆக வரவேண்டும் என்று சொன்னார்கள். டொச்சில் அந்தச் சொல்லுக்கு இரண்டு கருத்து. ஒன்று வெறுவயிறு. மற்றது வெறியில்லாமல். கூடப்போன பத்து வயது மகனுக்குத் தெரிந்தது இரண்டாவது கருத்து மட்டும்தான். “அப்பா, குடிச்சுப்போட்டு வரவேண்டாமாம்” என்று சொல்லியிருக்கிறான். வாழ்நாளில் ஒரு சொட்டும் தொடாத மனிசன்! “எங்களைப் பற்றி என்ன நினைச்சுக்கொண்டிருக்கினம்” என்று கோபத்தோடு வீட்டுக்கு வந்து, அடுத்த நாள் காலையில் பிட்டும் வாழைப்பழமும் வயிறாரச் சாப்பிட்டுவிட்டுப் போய் இரத்தம் கொடுத்தார். சீனி எங்கேயோ ஏறி நின்றது. பிறகு எல்லாம் திரும்பச் செய்யவேண்டி வந்தது.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அது சீனிப் பரிசோதனையாக இல்லாமல் புற்றுநோய்ச் செய்தியாக இருந்தால் அந்தப் பத்து வயதுப் பிள்ளை என்ன செய்யும்? தாய்க்குக் கர்ப்பப்பையில் கட்டி என்று மகன் வாயால் சொல்லவைக்கலாமா? தாய் தன்னுடைய வருத்தத்தை முழுக்க மகனுக்கு முன்னால் சொல்லுவாவா? சொல்ல மாட்டா. அரைவாசியை விழுங்குவா. வைத்தியர் மற்ற அரைவாசிக்குத்தான் மருந்து எழுதுவார். எங்கட பிள்ளைகளின் தோளில் நாங்கள் புத்தகப்பையோடு சேர்த்து இந்தச் சுமையையும் ஏற்றுகிறோம்.

அன்பான உறவுகளே, இனி நான் சொல்ல வந்த முக்கிய விஷயத்துக்கு வருகிறேன். எங்களைப் பற்றி, எங்கட உடம்பைப் பற்றி, உலகத்தில் எவ்வளவோ ஆராய்ச்சி நடந்திருக்கிறது. நோர்வேயின் ஓஸ்லோ நகரில் 2002ஆம் ஆண்டு ஐந்து நாட்டுக் குடியேறிகளின் சுகாதாரத்தை ஆராய்ந்தார்கள். அதில் இலங்கையர் ஒரு பிரிவு. இங்கே சுவிஸில் 2004ஆம் ஆண்டு கூட்டாட்சிச் சுகாதார அலுவலகம் குடியேறிகளைப் பற்றி எடுத்த ஆய்விலும் இலங்கையர் ஒரு பிரிவு. தெற்காசிய மக்களுக்கு நீரிழிவும் இருதய வருத்தமும் ஐரோப்பியரை விட இளவயதிலேயே, உடம்பு பருக்க முதலே வருகிறது என்பது இன்று வைத்திய உலகம் நன்றாக அறிந்த விஷயம்.

2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு ஒன்று சொன்ன கணக்கைக் கேளுங்கள். உடம்பின் எடையைக் கிலோவில் எடுத்து, உயரத்தை மீற்றரில் எடுத்து, உயரத்தால் இரண்டு தடவை வகுத்தால் ஒரு எண் வரும். வழமையாக அது 25க்கு மேலே போனால்தான் எடை கூட என்பார்கள். ஆசிய மக்கள் 23இலேயே விழித்துக்கொள்ளவேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. 165 சென்ரிமீற்றர் உயரமான ஒருவருக்கு 25 என்பது 68 கிலோ. 23 என்பது ஏறக்குறைய 63 கிலோ. அந்த ஐந்து கிலோவுக்குள் நிற்கிற எங்கட ஆட்கள் எத்தனை பேர்? கண்ணாடியில் பார்த்தால் மெல்லிய ஆள்தான். இடுப்புச் சுற்றளவும் அப்படியே. தெற்காசிய ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர். அதற்கு மேலே போனால் கவனம் தேவை.

இன்னும் ஒன்று. சென்னையில் டொக்டர் இராமச்சந்திரன் தலைமையில் நடந்த ஒரு ஆராய்ச்சி 2006இல் வெளிவந்தது. நீரிழிவின் வாசற்படியில் நின்ற 531 பேரைச் சேர்த்துப் பல பிரிவாகப் பிரித்து மூன்று வருடம் பார்த்தார்கள். விசேஷமாக ஒன்றும் செய்யாமல் விட்ட பிரிவில் நூற்றுக்கு 55 பேருக்கு நீரிழிவு வந்துவிட்டது. சாப்பாட்டைத் திருத்தி, நாளாந்தம் விறுவிறுப்பாக நடக்கச் சொன்ன பிரிவில் நூற்றுக்கு 39 பேருக்குத்தான் வந்தது. எங்களைப் போலச் சோறும் கறியும் சாப்பிடுகிற மண்ணிலே, பெரிய செலவில்லாமல், இது நடந்திருக்கிறது!

இப்போது நான் கேட்கிறேன். இந்த மண்டபத்தில் இருக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இந்த 23 என்ற எண் தெரியும்? எங்களை அளந்து, எங்களை நிறுத்து, எங்களிடம் இரத்தம் எடுத்துச் சேர்த்த அறிவு இது. அது ஆங்கிலத்திலும் டொச்சிலும் அச்சாகி அலுமாரியில் இருக்கிறது. எங்களைப் பற்றிய அறிவு எங்களிடம்தான் கடைசியாக வருகிறது. சுகாதாரத்தில் சமத்துவம் இல்லை என்பதற்கு இதை விட வேறு என்ன சாட்சி வேண்டும்?

அறிவை அலுமாரியில் இருந்து இறக்கி மக்களிடம் கொண்டுபோவது எப்படி? இதற்கு வெளியில் உதாரணம் தேடத் தேவையில்லை. எங்கட யாழ்ப்பாண மண்ணிலேயே இரண்டு உதாரணங்கள் இருக்கின்றன.

முதலாவது பழையது. சாமுவேல் கிறீன் என்ற அமெரிக்க வைத்தியர் 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் வைத்தியசாலை நடத்தினார். அவர் மதம் பரப்ப வந்தவர். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அவர் செய்த ஒரு காரியம் இன்றைக்கும் எங்களுக்குப் பாடம். முதலில் ஆங்கிலத்தில் வைத்தியம் படிப்பித்தவர், 1860களில் தமிழிலேயே படிப்பிக்கத் தொடங்கினார். ‘இரண வைத்தியம்’, ‘மனுஷ அங்காதிபாதம்’, ‘கெமிஸ்தம்’ என்று மேலைத்தேய வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கினார். அறுபதுக்கு மேற்பட்ட வைத்தியர்களைப் பயிற்றினார். அவர்களில் பாதிப்பேர் வரையில் தமிழிலேயே படித்தவர்கள். ஏன் தமிழில்? ஆங்கிலத்தில் படித்தவன் பெரிய சம்பளத்தைத் தேடி வெளியே போய்விடுவான், தமிழில் படித்தவன் ஊரோடு நின்று ஊருக்கு வைத்தியம் செய்வான் என்பது அவருடைய கணக்கு. நூற்றைம்பது வருடத்துக்கு முந்தியே, தமிழ் மொழியால் வைத்திய அறிவைத் தாங்க முடியும் என்று காட்டியாகிவிட்டது. ஆகவே ‘இதெல்லாம் தமிழில் சொல்ல ஏலாது’ என்று யாரும் சொன்னால் நம்பாதீர்கள்.

இரண்டாவது எங்கட காலத்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் 1978இல் தொடங்கியது. பிறகு வந்த யுத்தத்தை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்ற உளமருத்துவர்கள் அங்கே இருந்தார்கள். விரல்விட்டு எண்ணக்கூடிய வைத்தியர்களால் மனம் உடைந்த ஒரு சமூகத்தைப் பார்த்து முடிக்க ஏலாது என்று கண்டு, அவர்கள் அறிவைப் பகிர்ந்தார்கள். ஆசிரியர்களுக்கு, கிராமத்துப் பெரியவர்களுக்கு, ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்கு, நாட்டு வைத்தியம் செய்கிறவர்களுக்குக்கூடப் பயிற்சி கொடுத்தார்கள். அவரும் டொக்டர் சிவயோகனும் தமிழ்ச் சமூகத்தின் மனநலம் பற்றி எழுதிய நூல் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது.

அவர்கள் கவனித்த ஒரு விஷயம் இங்கே எங்களுக்கு மிகவும் தேவை. எங்கட சனம் மனதின் நோவை உடம்பின் நோவாகத்தான் சொல்லும். ‘நெஞ்சு எரியுது’, ‘தலை விறைக்குது’, ‘உடம்பெல்லாம் உளையுது’ என்போம். இங்கே ஒரு சுவிஸ் வைத்தியரிடம் போய் அப்படிச் சொன்னால் அவர் என்ன செய்வார்? நெஞ்சைப் படம் எடுப்பார், தலையைப் படம் எடுப்பார், ஒன்றும் இல்லை என்று அனுப்புவார். அந்த மனிசன் முள்ளிவாய்க்காலில் இருந்து வந்தவர், 2009இல் தன் பிள்ளையைப் பறிகொடுத்தவர் என்பது எந்தப் படத்திலும் விழாது. அதைக் கேட்கத் தெரிந்த ஒருவர் அந்த அறையில் இருக்கவேண்டும். ஊரில் அந்த ஆளைப் பல்கலைக்கழகம் தயார் செய்தது. இங்கே யார் தயார் செய்வது?

இப்போது ஓல்டனுக்கு வருவோம். எங்கட புகையிரத நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கட்டடம் 2013இல் திறந்தார்களே, தெரியும்தானே? அது வடமேற்கு சுவிஸ் ஃபாஹ்ஹோக்சூல. எங்கட பாசையில் தொழில்சார் பல்கலைக்கழகம். அங்கே சமூகசேவையும் பிரயோக உளவியலும் படிப்பிக்கிறார்கள். நாளைக்கு முகாமிலும் பாடசாலையிலும் சமூகநல அலுவலகத்திலும் எங்களோடு கதைக்கப்போகிறவர்கள் அங்கேதான் படிக்கிறார்கள். நாங்கள் அதைக் கடந்து ஓடிப்போய் ரயில் பிடிக்கிறோம். அவர்களும் எங்களைக் கடந்து ஓடிப்போய் ரயில் பிடிக்கிறார்கள். இந்த ஊரிலே கன்ரோன் வைத்தியசாலையும் இருக்கிறது. கூப்பிடு தூரத்தில் எல்லாம் இருந்தும், இரண்டு பக்கமும் யாரும் கூப்பிடவில்லை. நாங்கள் முதலில் கூப்பிடுவோம் என்பதுதான் என் கோரிக்கை. அதற்கு நான்கு யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, வருடத்தில் நான்கு தடவை இந்த மண்டபத்தில் சுகாதாரக் கூட்டம். நீரிழிவும் சாப்பாடும், கர்ப்பமும் பிள்ளைப்பேறும், முதுகு நாரி நோவும் வேலையும், மனநலம் என்று நான்கு தலைப்பு. மாணவர்களும் ஆசிரியர்களும் வரட்டும், பயிற்சி பெற்ற தமிழ் மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருக்கட்டும். பெண்களுக்குத் தனியாக நேரம் வேண்டும். இது புதிதல்ல. 1996இல் சூரிச்சில் தொடங்கிய ‘ஃபாம் ரிஷ்’ என்ற வட்டங்களில், பெண்கள் தங்கள் தாய்மொழியில் கூடியிருந்து சுகாதாரத்தைப் பற்றியும் பிள்ளை வளர்ப்பைப் பற்றியும் கதைக்கிறார்கள்.

இரண்டாவது, பிள்ளைகளை மொழிபெயர்ப்பு வேலையில் இருந்து விடுவிப்போம். 2011 முதல் இந்த நாட்டில் தேசியத் தொலைபேசி மொழிபெயர்ப்புச் சேவை இருக்கிறது. அதில் தமிழும் உண்டு. நேரம் எடுக்கும்போதே ‘தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்’ என்று கேளுங்கள். செலவை யார் கொடுப்பது என்ற இழுபறி சில இடங்களில் வரும். வந்தாலும் கேளுங்கள். கேட்காத பிள்ளைக்குப் பால் இல்லை. ‘தமிழர் வந்தால் கதை வெளியில் போய்விடும், மகளின் கலியாணம் குழம்பிவிடும்’ என்று சிலர் பயப்படுகிறீர்கள். பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர் இரகசியம் காக்கக் கட்டுப்பட்டவர். பக்கத்து வீட்டு அக்காவுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. எங்கட இளையவர்கள் இதை ஒரு தொழிலாகவும் படிக்கலாம். 1999இல் தொடங்கிய ‘இன்ரர்பிறெற்’ என்ற சங்கம் இதற்குச் சான்றிதழ் வழங்குகிறது.

மூன்றாவது, ஆராய்ச்சிக்கு நாங்கள் ஒத்துழைப்போம், ஆனால் ஒரு நிபந்தனையோடு. கேள்விக்கொத்தோடு வருகிறவர் பதிலோடும் திரும்பி வரவேண்டும். என்ன கண்டுபிடித்தீர்கள் என்பதைத் தமிழில் இரண்டு பக்கம் எழுதித் தரவேண்டும், இந்த மேடையில் வந்து சொல்லவேண்டும். கேள்வியைத் தயாரிக்க முதலும் எங்களிடம் கேட்கவேண்டும். உருளைக்கிழங்கையும் பாணையும் வைத்து எழுதிய உணவுத் தாளைத் தந்து ‘இதைப் பின்பற்று’ என்றால் இடியப்பமும் சொதியும் சாப்பிடுகிறவர் எப்படிப் பின்பற்றுவார்? எங்கட தாய்மாரும் அந்த மாணவர்களும் ஒன்றாக இருந்து, ஒரு கோப்பையில் சோறு எவ்வளவு, மரக்கறி எவ்வளவு, எவ்வளவு தேங்காய்ப்பால் என்று எழுதினால், இரண்டு பக்கமும் படிக்கும். எங்களிடமும் அறிவு இருக்கிறது. நாங்கள் வெறும் கையோடு போகவில்லை.

நான்காவது, இங்கே வளர்ந்து பல்கலைக்கழகம் போகிற எங்கட பிள்ளைகளுக்கு. தம்பி தங்கைமாரே, வைத்தியமோ, தாதிப் படிப்போ, உளவியலோ எதைப் படித்தாலும் வருடத்தில் ஒரு நாளை இந்த மண்டபத்துக்குத் தாருங்கள். நீங்கள் எங்கும் போங்கள், உயருங்கள், யாரும் மறிக்கவில்லை. அன்றைக்கு மானிப்பாயில் படித்த தமிழ் வைத்தியர் ஊரோடு நின்றார். இன்றைக்கு நீங்கள் ஊரை மறக்காமல் வந்து போனாலே போதும்.

‘இதெல்லாம் நடக்கிற காரியமா?’ என்று கேட்பீர்கள். கடிதம் எழுத ஒரு மாதம் போகும், பதில் வர இரண்டு மாதம் போகும். அதுவரை சும்மா இருக்கத் தேவையில்லை. இன்றைக்கே வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடிய சில விஷயங்களைச் சொல்கிறேன்.

வருடத்தில் 25 இரவுகள் அல்லது அதற்கு மேல் வேலை செய்கிறவர்கள், தாங்கள் கேட்டால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வைத்தியப் பரிசோதனை பெறத் தொழிற்சட்டம் உரிமை தருகிறது. 45 வயதுக்குப் பிறகு வருடத்துக்கு ஒருமுறை. கேட்டால்தான் கிடைக்கும். என்னோடு இரவு வேலை செய்கிறவர்களிடம் நான் இதை ஒவ்வொருவராகச் சொல்லி வருகிறேன். கர்ப்பிணித் தாய்மாருக்கு, 2014 முதல், பதின்மூன்றாவது வாரத்தில் இருந்து பிள்ளை பிறந்து எட்டு வாரம் வரை அடிப்படைக் காப்புறுதியின் வைத்தியச் செலவில் கைக்காசு கட்டத் தேவையில்லை. 2500 பிறாங் திட்டத்தில் இருந்தாலும் கட்டத் தேவையில்லை. கர்ப்பகாலச் சீனிப் பரிசோதனையை 24ஆம், 28ஆம் வாரங்களுக்கு இடையில் செய்வார்கள், அதைத் தவறவிடாதீர்கள். 50 வயது கடந்தவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய் முன்பரிசோதனையை 2013 யூலை முதல் அடிப்படைக் காப்புறுதி ஏற்கிறது. உங்கள் பங்குக்கு எவ்வளவு வரும் என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள். சுவிஸ் செஞ்சிலுவைச் சங்கத்தின் சுகாதார வழிகாட்டி தமிழிலும் இருக்கிறது. கைத்தொலைபேசியில் சினிமாச் செய்தி வாசிக்கிற நேரத்தில் பத்து நிமிடத்தை அதற்குக் கொடுங்கள்.

பெரியோர்களே, முதலில் வந்தவர்கள் 1980களில் ஒரு பையோடு இந்த நாட்டுக்கு வந்தீர்கள். மொழி தெரியாது, குளிர் தெரியாது. உணவகங்களிலும் தொழிற்சாலைகளிலும் வேலை செய்து, கோயில் கட்டினீர்கள், பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாடசாலை நடத்தினீர்கள். அதை யாரும் எங்களுக்குக் கட்டித் தரவில்லை. இப்போது அந்தத் தலைமுறைக்கு வயது போகிறது. தட்டுத் தூக்கின கைக்கு மூட்டு நோவு, ஓடின காலுக்குச் சீனிப் புண். அவர்கள் வைத்தியசாலைக் கட்டிலில் கிடந்து தங்கட நோவைத் தங்கட பாசையில் சொல்ல முடியாமல் கண்ணீர் விடக்கூடாது. எங்கட சங்கத்துக்கு இதை விடப் பெரிய வேலை இல்லை.

பல்கலைக்கழகத்துக்கு எழுதவேண்டிய கடிதத்தைச் செயற்குழு இந்த மாதமே எழுதவேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கூட்டங்களுக்கு மண்டபம் ஒழுங்கு செய்ய, தேநீர் போட, கதிரை அடுக்க, சாப்பாட்டுத் தாளைத் தயாரிக்க ஆட்கள் தேவை. வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். போகும்போது உங்கட பெயரையும், எந்த நாளில் நேரம் இருக்கிறது என்பதையும் எழுதிவிட்டுப் போங்கள். டொச்சு தெரியாது என்று யாரும் பின்னுக்கு நிற்கவேண்டாம். தமிழ் தெரிந்தவர்கள்தான் இந்த வேலைக்குத் தேவை.

எல்லோருக்கும் என் இனிய சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துக்கள்.